மாமனாரிடம் "காலை எடுங்க" என்று மருமகனைச் சொல்ல வைத்த புஷ்பவல்லி அம்மையாருக்கு

ஓடுதளம் எங்கே முடிகிறது என்பதை ஓயாமல் நினைவூட்டிய உரத்த குரலே! ஆறிப்போன தே தாரிக் தேநீரை ஒரு கையிலும் அணைக்காத மைக்கை மறு கையிலும் ஏந்திய எங்கள் அதிகாரமே! மேஜர்களை மிரட்டியவரே, கர்னல்களைக் கலங்கடித்தவரே, சாப்பாட்டுக்குப் புறப்பட்டவர்களைச் சட்டையைப் பிடித்து இழுக்காத குறையாக மறுபடி இருக்கையில் அமர்த்தி வார் மாட்டவைத்தவரே! கிள்ளானில் பிறந்து, சுபாங்கில் எங்களைப் படுத்தி எடுத்த புஷ்பவல்லி அம்மையாரே! தாங்கள் பணி நிறைவு பெறும் இந்நாளில், உடன் உழைத்தோர் அனைவரும் கைகூப்பி, கூடவே ஒரு பெருமூச்சும் விட்டு, தங்களை வணங்குகிறோம்.

இந்த மடலைத் தங்களை நோக்கியே எழுதத் தொடங்கினோம். வழக்கம் அதுதான். ஆனால் இதை வாசிக்கப் போகும் ஜீவன் சென்ற வாரம் பான்ட்ரியில் ஒத்திகை பார்த்தபோது, "தாங்கள் எங்கள் மையம் தொடங்கிய அன்றே" என்று வாயைத் திறந்ததும், கதவுக்கு வெளியே இருந்து, "அன்னைக்கு இல்ல லா, மறு மாசம்! யாரு எழுதுனது இத?" என்று குரல் வந்தது. அடுத்த வாக்கியத்துக்கும் ஒரு திருத்தம் வந்தது. அதற்கடுத்த வாக்கியத்தில் ஜீவன் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேநீர் குடிக்கப் போய்விட்டார். பாராட்டு வாங்கக்கூடப் பொறுமை இல்லாத ஒருவரைப் பாராட்டுவது எப்படி என்று நாங்கள் கூடிப் பேசினோம். முடிவு இதுதான். இனி இந்த மடலில் "தாங்கள்" கிடையாது. புஷ்பவல்லி என்று ஓர் அம்மாவைப் பற்றிச் சொல்லப் போகிறோம். அவர் யாரோ என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள். மைக் தங்கள் கைக்கு எட்டாத தூரத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தப் புஷ்பவல்லி, கிள்ளான் ரயில் நிலையத்துக்கு அருகே வளர்ந்தவர். அப்பாவுக்கு ரயில்வேயில் சிக்னல் வேலை. வண்டியை நிறுத்துவதுதான் முக்கியம், ஓட்டுவதை எவனும் செய்வான் என்ற எண்ணம் அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். விமானப்படையில் சேர்ந்து, கண்ட்ரோல் டவரில் நெடுங்காலம் இருந்து, கேப்டன் பதவியோடு வெளியே வந்து, எங்கள் சிமுலேட்டர் மையத்தில் சேர்ந்தார்.

விழாவுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்காக ஒரு விளக்கம். எங்கள் மையத்தில் பறக்காத விமானம் ஒன்று உண்டு. விமானப்படையின் பயிற்சி ஜெட்டில் இருப்பதுபோலவே முன்னால் ஓர் இருக்கை, பின்னால் ஓர் இருக்கை, சுற்றிலும் திரை. உள்ளே இருப்பவர்களுக்கு வானமும் ஓடுதளமும் உண்மைபோலத் தெரியும். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு மேசையில் புஷ்பவல்லி. டவரும் அவரே, மழையும் அவரே, எஞ்சினைக் கெடுப்பதும் அவரே. எதைக் கெடுத்தாலும் கடைசியில் பிரேக்கைக் கெடுக்காமல் அவர் யாரையும் வீட்டுக்கு அனுப்பியதில்லை.

அந்த ஜெட்டில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்துபோனால் வழக்கமான பிரேக் இருக்காது. ஒரு சிறு கலத்தில் சேமித்து வைத்த அழுத்தம் மட்டும் மிஞ்சும். மெதுவாக மிதித்து, மிதித்ததை விடாமல் பிடித்தால், அது விமானத்தை நிறுத்தும். பழைய லோரி ஓட்டுவதுபோல விட்டு விட்டு மிதித்தால் ஒவ்வொரு மிதிக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பாதி ஓடுதளத்தில் தீர்ந்துவிடும். இதில் இன்னொரு வில்லங்கம் உண்டு. இரண்டு இருக்கைக்கும் தனித்தனிப் பெடல், ஆனால் சேமிப்பு ஒன்றுதான். முன்னவர் கால் செய்வது பின்னவர் காலுக்குத் தெரியாது. கட்டுப்பாடு உன்னுடையது என்று வாயால் ஒப்படைத்த மூத்த அதிகாரியின் கால், மனைவி கார் ஓட்டும்போது பக்கத்து இருக்கையில் தரையை மிதிக்கும் கணவனின் காலைப்போலத் தானாக வேலை செய்யத் தொடங்கிவிடும். உதவுவதாகத்தான் நினைப்பார்கள்.

அதற்காகப் புஷ்பவல்லி ஒரு விதி செய்தார். பிரேக் போன விமானம் இறங்குவதற்கு முன், ஓட்டுபவர் மற்றவரிடம் உரக்க, "காலை எடுங்க" என்று சொல்ல வேண்டும். மற்றவர், "எடுத்தாச்சு" என்று சொல்லி இரண்டு பாதங்களையும் தரையில் வைக்க வேண்டும். எந்த மொழியிலும் சொல்லலாம். முன்னாலும் பின்னாலும் சார், தயவுசெய்து என்று மரியாதை ஒட்டு எதுவும் கூடாது. கேட்க எளிது. மேலதிகாரியிடம், அதுவும் அவர் காலைப் பற்றி, அதட்டும் குரலில் பேச நம் பிள்ளைகளுக்கு வாய் வந்ததே இல்லை. மலாய் அதிகாரிகளுக்கும், ஐயா எனப் பொருள்படும் "துவான்" என்ற சொல் முந்திக்கொண்டு வந்து வழியை மறிக்கும். சொல்லாவிட்டால் புஷ்பவல்லி மறுபடி ஓட்டச் சொல்வார். மெல்லச் சொன்னாலும் மறுபடிதான். சரியாகச் சொன்னாலும், "நல்லா இருந்துச்சு, இன்னொரு வாட்டி" என்பார். கணக்குப் பிரிவில் இருந்து கையெழுத்து வாங்க வந்த லோகேஸ்வரியைக்கூட ஒருநாள் பின்னிருக்கையில் உட்காரவைத்து, "காலை எடும்மா!" என்று கத்தினார். அந்தப் பெண் அதற்குப் பிறகு கோப்புகளை ஆள் வைத்துத்தான் அனுப்பினாள்.

இந்த மையத்தில் அவரால் மிக அதிகம் எரிச்சலடைந்தவர் யார் என்று போட்டி வைத்தால் பலர் கை தூக்குவோம். ஆனாலும் அந்த இடம் பிரேமினிக்குத்தான்.

பிரேமினி எங்கள் மையத்தில் பயிற்சி நேரங்களை ஒழுங்குசெய்பவர். அவர் மேசை சிமுலேட்டர் அறையின் பலகைச் சுவரை ஒட்டி இருக்கிறது. உள்ளே மழை பெய்தால் அவருக்குக் கேட்கும். எச்சரிக்கை மணி அடித்தால் அவருடைய கிளாஸில் தண்ணீர் அதிரும். அவர் கணவர் மேஜர் ஜெயந்திரன் விமானப்படைப் பயிற்சியாளர். மகன் குகன் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழை நாளில், ஜெயந்திரன் ஹைட்ராலிக் இல்லாமல் இறங்கினார். முன் இருக்கையில் இருந்து ஓட்டியவர் சுங்கை வேயைச் சேர்ந்த இளம் அதிகாரி. அவர் மிதித்துப் பிடித்தார். பின்னால் இருந்த ஜெயந்திரன் விட்டு விட்டு மிதித்தார். அழுத்தம் இறங்குவதை முன்னவர் பார்த்தார். ஏன் இறங்குகிறது என்றும் அவருக்குப் புரிந்தது. "சார், காலை எடுங்க" என்று தன் ஆசானிடம் சொல்ல அவரால் முடியவில்லை. விசாரணையில் அழுதுகொண்டே இதைச் சொன்னவர் அவர்தான். விமானம் ஓடுதளத்தைத் தாண்டி மழைநீர்க் கால்வாயில் விழுந்தது. அவர் பிழைத்தார், ஜெயந்திரன் பிழைக்கவில்லை. அன்று டவரில் மைக் பிடித்திருந்தவர் புஷ்பவல்லி. பிரேக்கில் யார் கால் இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் அன்று எந்த டவருக்கும் இல்லை.

பிரேமினி இங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒவ்வொரு புதன்கிழமையும் சுவருக்கு அப்பால் ஓடும் பாடம் என்ன என்று அவருக்குத் தெரியாது. மழை, காற்று, வேகம் எல்லாம் ஒன்றுபோலவே இருப்பதை மெல்லக் கவனித்தார். ஒருநாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

"புஷ்பா, இது இவர்ட கடைசி லேண்டிங்தானே?"

"ஆமா."

"மழையையாவது மாத்தலாமே. வெயில்ல ஓட்டுங்கோ."

"வெயில்ல யாரும் பயப்படறதில்ல, பிரேமினி. மழையிலதான் கால் சொன்னத கேக்காது."

"நான் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறன்."

"தெரியும். உங்க மேசைய மாத்தச் சொல்றேன்."

"மேசைய மாத்துவீங்கள். மழைய மாத்தமாட்டீங்கள்."

"மாட்டேன்."

அவ்வளவுதான். ஒரு சமாதான வார்த்தை கிடையாது. பிரேமினி மேசையை மாற்றிக்கொள்ளவில்லை. புஷ்பவல்லியிடம் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். வேலை விஷயத்தை ஜீவன் மூலம் சொல்லியனுப்புவார். "சுவருக்கு அந்தப் பக்கம் சொல்லுங்கோ, பத்து மணி ஆள் வரேல்ல." இந்தப் பக்கத்தில் இருந்து பதில் ஜீவனுக்காகக் காத்திருக்காமல் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும்: "தெரியும்! பத்து மணி ஆள் என்னைக்கு வந்தான்?" இருவருக்கும் நடுவில் ஓடி ஓடி ஜீவன் இளைத்ததுதான் மிச்சம்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. குகன் வளர்ந்து, தாய் எவ்வளவோ சொல்லியும் கேளாமல், விமானப்படையில் சேர்ந்தார். அதே ஜெட். லெப்டினன்ட் கர்னல் சண்முகரத்தினத்தின் மகள் ரமணியைக் கட்டினார். சண்முகரத்தினம் அந்த ஜெட்டில் பலருக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்தவர், கண்ணியமானவர், கொஞ்சம் தொட்டாற்சிணுங்கி. ஆண்டுப் பயிற்சிக்கு மாமனாரும் மருமகனும் ஒரே நாளில் எங்கள் மையத்துக்கு வந்தார்கள். வேறு வேறு ஆட்களோடு உட்கார வேண்டியவர்களைப் புஷ்பவல்லி வேண்டுமென்றே ஒன்றாகப் போட்டார். மருமகன் முன்னால், மாமனார் பின்னால். பிரேக் போனது. மழை.

"மாமா... கொஞ்சம்... உங்கட கால்..." என்று குகன் தொடங்கினார்.

"கால்வாய்க்குள்ள போயாச்சு, மாப்பிள்ள," என்றது ஸ்பீக்கர். "மறுபடி."

"மாமா, தயவுசெய்து பாதங்களை..."

"என்னா, பாத பூஜையா? மறுபடி!"

சண்முகரத்தினத்துக்குப் பொறுக்கவில்லை. "இஞ்ச பாரும் புஷ்பவல்லி, நான் மிதிக்கவே இல்ல."

"தையல் மெசின் மாதிரி மிதிச்சிருக்கீங்க சார். திரையில கோடு காட்டுது, வந்து பாருங்க."

"அது ஒரு பழக்கம். வீட்டில மனிசி கார் ஓட்டேக்கையும் அப்பிடித்தான்."

"ஆமா, அவங்களும் எங்கிட்ட அதச் சொல்லித்தான் அழுதாங்க. மறுபடி!"

சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. குகனுக்குப் பசி, மாமனாருக்கு அவமானம், எங்களுக்கு வெளியே காதைப் பொத்திக்கொள்ளும் நிலை. கடைசியில் யார்மேல் வந்த கோபமோ, குகன் அலறினார்: "மாமா, காலை எடுங்க!" அது பலகைச் சுவரையும் தாண்டி வாசல் பாதுகாவலர் வரைக்கும் கேட்டது. "அப்பாடா," என்றது ஸ்பீக்கர். "நல்லா இருந்துச்சு. இன்னொரு வாட்டி."

சண்முகரத்தினம் தேநீரைத் தொடாமல் வெளியேறினார். எங்கள் மேலாளர் ராஜனிடம் முறையிட்டார். "கலியாணத்துக்கு வந்து என்ட வீட்டில வயிறாரச் சாப்பிட்ட மனிசி, என்ட மருமகனுக்கு என்னை ஏசப் பழக்குறா." ராஜன் புஷ்பவல்லியிடம் பேசப் போனார். திரும்பி வந்தபோது, அடுத்த வாரம் தானே பின்னிருக்கையில் உட்கார ஒப்புக்கொண்டிருந்தார். அது எப்படி நடந்தது என்று அவருக்கே இன்றுவரை தெரியவில்லை.

வீட்டில் விவகாரம் முற்றியது. ஞாயிற்றுக்கிழமைகளில் சுபாங் ஜெயாவில் பிரேமினி வீட்டுக்குச் சாப்பிட வரும் சம்பந்தி வரவில்லை. "அப்பா வரமாட்டாராம், மாமி. எல்லாரும் கத்துற வீட்டில என்ன சாப்பாடு எண்டு கேக்குறார்," என்று ரமணி போனில் சொன்னார். புருஷன் இறந்ததை வாரா வாரம் ஓட்டிக் காட்டுவது போதாதென்று, இருக்கிற உறவையும் இந்தப் பொம்பளை பிரித்துவிட்டாளே என்று பிரேமினி பொருமினார். இடமாற்றம் கேட்டு ராஜனிடம் போய் நின்றார். ராஜன் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

அவர் யோசித்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அது நடந்தது. விமானத் தளத்தில் பறப்புப் பட்டியல் போட்டவருக்கு இந்தக் குடும்பக் கதை தெரியாது. குகனை முன்னாலும் சண்முகரத்தினத்தைப் பின்னாலும் போட்டுவிட்டார். ஏறும்போது இருவரும் முகம் பார்த்துக்கொள்ளவில்லையாம். மதியம் தள அலுவலகத்தில் இருந்து நாகையா அழைத்தார். அவர் புஷ்பவல்லியோடு டவரில் வேலை பார்த்தவர். குகனின் ஜெட்டில் ஹைட்ராலிக் போய்விட்டது. சக்கரம் இறங்கிவிட்டது. எரிபொருளைத் தீர்க்க வட்டமடிக்கிறார்கள். ஓடுதளம் ஈரம்.

புஷ்பவல்லி போனை ஸ்பீக்கரில் போட்டார். பிறகு, பேசாதிருந்த அத்தனை காலத்துக்குப் பின், பலகைச் சுவரைச் சுற்றி வந்து பிரேமினியின் முன்னால் நின்றார். "உங்க மகன் மேல இருக்கான். பிரேக் இல்ல. வந்து உக்காருங்க," என்றார். பூசி மெழுகத் தெரியாத ஜென்மம். பிரேமினி எழுந்து போய், அந்த மேசைக்குப் பக்கத்தில், இதுவரை உட்கார்ந்திராத நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாகையா ரேடியோவில் கேட்டதையும் சன்னல் வழியே பார்த்ததையும் சொல்லிக்கொண்டிருந்தார். "திரும்பிட்டாங்க. வராங்க."

"சொன்னானா?" என்றார் புஷ்பவல்லி.

"என்னாக்கா?"

"கால், கால்! மாமனார்கிட்ட சொன்னானா இல்லையா?"

"அது அவங்க ரெண்டு பேருக்குள்ள பேச்சுக்கா. டவருக்கு எப்படிக் கேக்கும்? பிரேக்குல யாரு காலுன்னு டவருல கேட்டுட்டாங்க, 'என்னோடது' னு ஒரு குரல் வந்துச்சு, யாரு குரல்னு தெரியல."

புஷ்பவல்லி மைக்கைப் பிடித்திருந்தார். அது எதோடும் இணைக்கப்படாத சிமுலேட்டர் மைக். பேச ஆளில்லாமல் அவர் உட்கார்ந்திருந்ததை நாங்கள் அன்றுதான் பார்த்தோம்.

"தொட்டுருச்சு," என்றார் நாகையா. "மூக்கத் தூக்கியே ஓட்டுறான். நல்லா இருக்கு. இறக்கிட்டான். ஓடுது." ஜீவன் போனின் சத்தத்தைக் கூட்டினார். "இன்னும் ஓடுது, அக்கா." பிரேமினியின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது. "ஓடுது... ஓடுது..." பிறகு ஒரு சத்தம், யாரோ நாற்காலியைத் தள்ளியது. "நின்னுருச்சு! அக்கா, நின்னுருச்சு லா! தார் ரோட்டுமேலயே நிக்குது!"

நாங்கள் கை தட்டினோம். ஜீவன் அழுதார். புஷ்பவல்லி, "டயர் வெடிச்சுச்சா?" என்று கேட்டார். இல்லை என்றதும், "அப்ப சரியாத்தான் பிடிச்சிருக்கான்," என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நெடுநேரம் வரவில்லை.

உள்ளே என்ன நடந்தது என்பதைக் குகன் பிறகு சொன்னார். இறங்குவதற்கு முன், "மாமா, காலை எடுங்க" என்று உரக்கச் சொன்னார். "எடுத்தாச்சு" என்று பதிலும் வந்தது. ஆனால் பாதி ஓடுதளத்தில் அழுத்தம் சரியத் தொடங்கியது. ஓடுதளத்தின் முடிவு நெருங்குவதைப் பார்த்த மாமனாரின் கால் அவரையறியாமல் மறுபடி பெடலுக்குப் போயிருந்தது. அப்போது குகன் கத்தியதில் மாமாவும் இல்லை, மரியாதையும் இல்லை. "காலை எடு!" சண்முகரத்தினம், முழங்கால் எதிரே இருந்த பலகையில் இடிக்கும் அளவுக்கு, இரண்டு கால்களையும் தூக்கிப் பிடித்துக்கொண்டாராம். விமானம் நிற்கும்வரை இறக்கவில்லையாம்.

அன்று மாலை சம்பந்தி அழைக்காமலே சுபாங் ஜெயாவுக்கு வந்தார். முழங்காலில் தைலம் மணத்தது. "உன்ர புருசன் என்னை 'எடு' எண்டு சொல்லிப்போட்டான்," என்று மகளிடம் இரண்டு மூன்று முறை சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்குச் சிரிப்பு வந்தது, கடைசியில் சிரிப்பு மட்டுமாக அது இல்லை. பிரேமினி எல்லோருக்கும் பரிமாறினார்.

மறுநாள் பிரேமினி வேலைக்கு வந்ததும் நேரே சிமுலேட்டர் அறைக்குள் போனார். நன்றி சொல்லத்தான் போகிறார் என்று நாங்கள் நினைத்தோம். அவர் கேட்டது வேறு.

"அண்டைக்கு அந்தப் பிள்ளை இவரிட்ட சொல்லியிருந்தா?"

புஷ்பவல்லி கருவியை அணைத்தார். அவர் பதில் தேடி நாங்கள் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

"நின்னிருக்கும், பிரேமினி," என்றார். "இடம் மிச்சம் இருந்துச்சு. நான் மேல இருந்து பாத்தேன்."

பிரேமினி தலையசைத்தார். பிறகு, "பதினொரு மணி ஆக்கள் வந்திட்டினம். உள்ள விடட்டே?" என்று கேட்டார். ஜீவன் வழியாக அல்ல, நேராக.

"விடுங்க," என்றார் புஷ்பவல்லி. "மழைய போடுறேன்."

அம்மையாரே! இனித் தங்களை நேராக அழைக்கலாம். திருத்த வேண்டியவற்றைச் சாப்பிட்ட பிறகு ஜீவனிடம் சொல்லுங்கள். அவர் தயாராகத்தான் வந்திருக்கிறார்.

தங்கள் நாற்காலியில் திங்கட்கிழமை முதல் கிஷன் உட்காருகிறார். நல்லவர், அன்பானவர், நேற்றுப் பயிற்சியில் ஒரு கர்னலிடம் "ப்ளீஸ்" என்று சொன்னார். தாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் நின்று பல்லைக் கடித்ததை எல்லோரும் பார்த்தோம். வீட்டில் இருந்து அவருக்குப் போன் செய்து திட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம். செய்வீர்கள் என்றும் தெரியும்.

தங்கள் சர்க்கரை கட்டுக்குள் நிற்கட்டும், முழங்கால் படியேறட்டும், குரல் மட்டும் கொஞ்சம் தணியட்டும். அது தணியாவிட்டாலும் நலமாக, நெடுநாள், எங்கள் யாருக்கும் நிம்மதி தராமல் தாங்கள் வாழ வேண்டும் என்று மனமார வேண்டுகிறோம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள இந்த உணவகத்தின் மாடியில், சன்னல் ஓரத்து மேசையில், ஒரு மாமனாரும் மருமகனும் உட்கார்ந்திருக்கிறார்கள். கார் நிறுத்தியதில் யார் செய்தது தவறு என்று வந்ததில் இருந்து சண்டை போடுகிறார்கள். இருவர் குரலும் இங்கே மேடைவரை கேட்கிறது. அந்தச் சத்தத்துக்காக, அம்மையாரே, தங்களுக்கு எங்கள் நன்றி.

என்றும் தங்கள் அதட்டலுக்குட்பட்ட,
சிமுலேட்டர் மையத்துப் பணியாளர்கள்

அனைவர் சார்பிலும் எழுதியவர்: பிரேமினி ஜெயந்திரன்